ருடெல் தனியாகத் தட்டிய கை

ஊருக்கு ஊர் ஓர் இனம் உண்டு. ஓஹையோவில் எங்கள் டேட்டனின் மேற்குப் பக்கத்தில் அது கொஞ்சம் அதிகமாகவே விளைகிறது: தனி ஆல்பம் போடுகிறவர். தெருவுக்கு ஒரு ஃபங்க் இசைக்குழு இருக்கிற இடத்தில், குழுவுக்கு ஒருவராவது இப்படித் தேறாமல் இருப்பாரா?

கண்டுபிடிப்பது சுலபம். மளிகைக் கடைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டார். "எங்க பாட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்த வாய், ஒரு நல்ல நாளில் "என்னோட சவுண்டு" என்று மாறும். டிரம்பெட்காரனுக்கு மூச்சு போதாது, கீபோர்டுகாரனுக்குச் சாப்பாடுதான் முக்கியம், டிரம்ஸ்காரர் என்றைக்கும் ஓர் இழை பிந்தித்தான் அடிப்பார் என்று, முகமெல்லாம் சோப்பு நுரையோடு முடிவெட்டும் கடைக்கே விளக்குவார். ஆல்பத்துக்கு முன்பே அட்டைப்படம் தயார்: வெள்ளிச் சட்டை, சனிக் கிரகம், அதன் வளையத்தில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இவர். பாட்டு? அதற்கென்ன அவசரம்?

ருடெல் பெட்வே, எழுபத்தெட்டாம் வருஷத்தில் நன்றாக முற்றிய உருப்படி. பள்ளி நாளிலிருந்து பெரியம்மா மகன் கிளியோஃபஸின் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று பேஸ் கிதார் வாசித்தவர், திடீரென்று குழுவிலிருந்து விலகிக்கொண்டார்.

"அடுத்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வரைக்கும் உன் இடத்தை வச்சிருக்கேன்டா," என்றார் கிளியோஃபஸ். "அப்புறம் வேற ஆளு. டூர் போகணும்ல."

"வேற ஆளையே போட்டுக்கண்ணே. எனக்கு யாரும் வேணாம்."

யாரும் வேண்டாம் என்றால் நிஜமாகவே யாரும் வேண்டாம். பேஸ் இவர். டிரம்ஸ் இவர். பின்னால் "ஊ" பாடும் மூன்று பெண்களும் இவரே. கைதட்டல்தான் உச்சம். இந்த ஊரில் கைதட்டலுக்கு ஒரு முறை உண்டு: அத்தை, மச்சினி, பீட்ஸா கொண்டுவந்தவன் வரை ஸ்டுடியோவுக்குள் அடைத்து, மைக்கைச் சுற்றி நிற்கவைத்துத் தட்டச் சொல்வார்கள், ஒருவர் முந்துவார், ஒருவர் பிந்துவார், ஒருத்தி சிரித்தே விடுவாள். அந்தக் கூட்டத்தையும் ருடெல் தானே தட்டினார், ஒன்றின்மேல் ஒன்றாக, மயிரிழை பிசகாமல்.

மனைவி எர்லீன் அதைக் கேட்டுப் பார்த்தாள். "ரொம்ப சுத்தமா இருக்கு. ஆஸ்பத்திரி மாதிரி."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். இனத்தின் பிறவிக் குணம்.

இங்கே பாட்டுக்குத் தீர்ப்புச் சொல்வது பத்திரிகையா? இல்லை, ஸ்கேட்டிங் தளம். காலில் சக்கரம் மாட்டிய ஜனம் சுற்றினால் பாட்டு பிழைக்கும். ஓரம் ஒதுங்கினால் போச்சு. கிளியோஃபஸ் கெடு வைத்த அந்த ஞாயிறு மாலை ருடெல்லின் இசைத்தட்டு அங்கே சுழன்றது. முதல் கைதட்டல் விழுந்தது. ஒரு பெண் நின்று ஷூ நாடாவைக் கட்டினாள். இரண்டு பேர் சோடா வாங்கப் போனார்கள். கடைசியில் ஒரு குண்டு மனிதர் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, அவருக்குப் புடிச்சிருக்கு," என்றார் ருடெல்.

"அவருக்கு நிறுத்தத் தெரியல," என்றாள் எர்லீன்.

டீ.ஜே. அவசரமாகக் குழுவின் பழைய பாட்டைப் போட்டார். அதில் கிளியோஃபஸ் வழக்கம்போல் ஓர் இழை பிந்தினார். அந்த இழைக்குள் அத்தனை இடுப்பும் போய் உட்கார்ந்துகொண்டது. தளம் நிரம்பியது. ருடெல்லைக் கேட்காமலே ருடெல்லின் தலையும் ஆடியது. அவர் மெல்லச் சுவர்ப் பக்கம் நடந்தார்.

கிளியோஃபஸ் சுவரில் சாய்ந்து பொரித்த கோழி தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே… ஞாயித்துக்கிழமை இன்னும் முடியலல்ல?"

கிளியோஃபஸ் எலும்பைக் கடைசிவரை உறிஞ்சினார். பிறகு பொட்டலத்தை நீட்டினார்.

"முடியல. தின்னு. நாளைக்கு சாயங்காலம் ஒத்திகை. டிரம்பெட்காரன்கிட்ட நீயே பேசிக்க. அவன் மூச்சைப் பத்தி நீ சொன்னது அவன் காதுக்குப் போயிடுச்சு."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். "நான் இல்லன்னா இங்க ஒண்ணும் நடக்காது" என்று நேற்று நீங்கள் சொன்னபோது, எதிரில் இருந்தவர் ஏன் அவசரமாகத் தண்ணீர் குடித்தார்? "இந்தக் கதையை நானே எழுதியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்" என்று இப்போது உங்களுக்குத் தோன்றுகிறதே, அதுதான் முதல் அறிகுறி. உங்களுக்கென்று இடம் பிடித்து வைத்திருக்கும் ஆள் எங்காவது இருந்தால், இன்றைக்கே போய்ப் பார்த்துவிடுங்கள்.