ஒருமணியரும் லூயிஷாம் காகங்களும்

லண்டன் மாநகரத்தில் ஒருமணியரிடமிருந்து உண்மையான நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர் ஒருவர்கூடக் கிடையாது. அதே சமயம், அவரைப் போல நேரத்துக்கு மரியாதை கொடுத்த மனிதரும் அந்த ஊரில் கிடையாது.

தொழில், பஸ் ஓட்டுவது. “முப்பது வருஷமா என்ர கண்ணாடியில பாக்கிறன் தம்பி. பஸ் வெளிக்கிட்டாப் பிறகு கையைக் காட்டிக்கொண்டு ஓடிவாறதில பாதி எங்கட சனம்” என்பார். அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம், எந்த நேரத்தையும் இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளிச் சொல்வது. விசேஷம் மூன்று மணிக்கு என்றால் “ஒரு மணிக்கு வாங்கோ” என்பார். பெயர் அப்படித்தான் வந்தது.

நான் திருச்சிக்காரன், கம்ப்யூட்டர் வேலை. லூயிஷாமில் அவர் வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். வந்த வாரமே, மகளின் பிறந்தநாளுக்கு ஒரு மணிக்குக் கீழே வரச் சொன்னார். பரிசுப் பொட்டலத்தோடு டாணென்று போய் நின்றேன். இன்னும் லுங்கியோடு நின்றுகொண்டிருந்தவர் என்னைக் கவலையாகப் பார்த்தார்.

“என்ன தம்பி, சொன்ன நேரத்துக்கே வந்திட்டியள்?”

“ஆமா சார், நீங்கதானே சொன்னீங்க?”

“ஓம், சொன்னனான்தான்” என்றவர் ஒரு பை பலூன்களை என் கையில் திணித்தார். விருந்தாளிகள் வருவதற்குள் அத்தனையையும் ஊதி முடித்தேன். என் நுரையீரலை மெச்சி, மறுநாளே தான் நடத்தும் ரக்பிக் குழுவில் சேர்த்துவிட்டார். நான் ஓடியதைப் பார்த்த பிறகு ஸ்கோர் பலகைக்கு மாற்றினார்.

ரக்பி லீக் என்பது, பக்கத்துக்குப் பதின்மூன்று பேர், பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுபவனை மற்றவர்கள் கட்டிப்பிடித்துக் கீழே சாய்க்கும் விளையாட்டு. எங்கள் குழுவின் பெயர் லூயிஷாம் காகங்கள். வேறு கம்பீரமான மிருகம் கிடைக்கவில்லையா என்று கேட்டேன். “மிருகம் வேண்டாம் தம்பி, அந்தப் பேர் வைச்சவை கடைசியில தங்களுக்குள்ளயே அடிபடுவினம். காகமெண்டால் கூப்பிட்டுச் சாப்பிடும்” என்றார். காகங்கள் சாப்பாட்டுக்குத் தவறாமல் வந்தன. ஆட்டத்துக்குத்தான் பிந்தின. ஒரு மணி என்றால் மூன்று என்று எல்லோருக்கும் மனப்பாடம். எங்களோடு ஆடும் ஆங்கிலேயக் குழுக்களும் ஓரிரு பருவத்திலேயே கற்றுக்கொண்டன.

இந்தக் காகங்களை வைத்துக்கொண்டு தேசியப் போட்டியில் சேர வேண்டும் என்பது அவர் ஆசை. நாங்கள் சிரிப்போம். ஒருநாள் காரணம் சொன்னார்.

“வந்த புதுசில குரோய்டனில என்ர அகதிக் கேஸ் நடக்குது. வேலை செய்யேலாது. போற இடமெல்லாம் பேப்பரைக் காட்டு, பேப்பரைக் காட்டு. ஒருநாள் கிரவுண்ட் ஓரத்தில நிண்டனான். பன்னிரண்டு வெள்ளையள், ஒரு ஆள் குறையுது. ‘ஓடுவியா?’ எண்டு மட்டும் கேட்டாங்கள். வேற ஒண்டும் கேக்கேல்லை. அவையின்ர தேசியப் பட்டியலில எங்கட பேரும் ஒருக்கா வரவேணும் தம்பி. அவ்வளவுதான்.”

அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

விண்ணப்பித்தோம். ஓர் ஆட்டநாளில் போட்டி அமைப்பின் அதிகாரி நேரில் வந்து, குழுவைப் பார்த்து, படிவம் நிரப்புவார் என்று பதில் வந்தது. ஆட்ட விவரத்தை ஒருமணியர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். “ஆட்டம் ஒரு மணிக்கு” என்றார். நானும் தட்டினேன். பழக்கதோஷம், இருவர் புத்திக்கும் எட்டவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு அதிகாரி வந்தார். வடக்கு இங்கிலாந்துக்காரர், ரக்பியிலேயே பிறந்து வளர்ந்தவர். மைதானத்தில் நாங்கள் இரண்டு பேர், ஒரு கோடு போடும் வண்டி, ஒரு தட்டு மட்டன் ரோல்ஸ். குழு எங்கே என்று கேட்டார். கடிதத்தில் போட்ட நேரம் ஒருமணியருக்கு அப்போதுதான் உறைத்தது. கேப்டன் ஜெகனுக்குப் போன் போட்டார்.

“அண்ணை, வந்துகொண்டிருக்கிறன்!” என்றான் ஜெகன். பின்னால் ஷவரில் தண்ணீர் கொட்டும் சத்தம் எனக்கே கேட்டது.

அதிகாரி பொறுமைசாலி. ரோல்ஸ் சாப்பிட்டார். ஒருமணியரோடு சேர்ந்து பாதி மைதானத்துக்குக் கோடும் போட்டார். இரண்டரைக்கு, இன்னொரு ஊரில் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். மூன்று மணிக்குக் காகங்கள் வந்து இறங்கி, அன்று பார்த்து பிரமாதமாக ஆடி ஜெயித்தன.

குழுவைக் காண முடியாததால் பரிந்துரைக்க இயலவில்லை, ரோல்ஸ் அருமை என்று கடிதம் வந்தது. “என்ர வாயாலதான் கெட்டுது” என்று ஒருமணியர் ஒரு வாரம் சொல்லிக்கொண்டே திரிந்தார்.

மறுவருடம் திரும்ப விண்ணப்பித்தோம். இந்த முறை அதிகாரிக்கு மூன்று மணி என்றே எழுதச் சொன்னார். குழுவைக் கூப்பிட்டும் சொன்னார்: “இனிப் பொய் சொல்லமாட்டன். ஆட்டம் மூண்டு மணிக்கு.” நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று என்றால் எங்கள் ஆட்கள் ஐந்துக்கல்லவா வருவார்கள்!

ஆட்டநாளன்று வழக்கம்போல் அவர் தனியாகக் கோடு போட ஒரு மணிக்கு வந்தார். மைதானத்தில் காகங்கள் முழுச் செட்டாகச் சட்டை போட்டு நின்றன. கோடுகூடப் போட்டாகிவிட்டது.

“ஏன்ரா, உங்களுக்கு ஒரு மணியெண்டு ஆர் சொன்னது?”

“நீங்கள்தான் அண்ணை” என்றான் ஜெகன். “இவ்வளவு வருஷமாச் சொல்லுறியள்தானே?”

ஒருமணியர் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

ஒரு மணியிலிருந்து ஓடிக் களைத்ததில் அன்றைய ஆட்டத்தில் படுதோல்வி. ஆனால் அதிகாரி நிரப்பிய படிவத்தில் வெற்றிக்கு இடம் இல்லை. ஆள் இருக்கிறதா என்பதற்குத்தான் இருந்தது. இந்த வருடப் பட்டியலில் கடைசி வரி எங்களுடையது. நேரம் மூன்று மணி என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

நான் வெம்பிளிக்குக் குடிமாறிவிட்டேன். ஆனாலும் ஆட்டநாட்களில் ஒரு மணிக்கே போய்விடுகிறேன். கோடு போட்டுக்கொண்டே அவர் பேசுகிற அந்த இரண்டு மணி நேரத்தை இழக்க எனக்கு மனசு வருவதில்லை.