உப்பு அம்பாரத்துக்கு வடக்கே என் மனை

அன்று எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. என் மனையில் போய் ஒரு செங்கல் வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

எழுபதுகளில் தூத்துக்குடிக்குப் புதுத் துறைமுகம் வந்துகொண்டிருந்தது. கூடவே ஊருக்குப் பைத்தியமும் வந்தது. முடிவெட்டுகிறவர், மாவு மில்காரர், பல் டாக்டர், எல்லாரும் மனை வியாபாரி! கயிற்றுக்கடை வைத்திருந்த நான் மட்டும் சும்மா இருப்பேனா? துறைமுகம் போகிற ரோட்டில், உப்பளத்தை ஒட்டி ஒரு துண்டு நிலம் வாங்கி ஐந்து மனையாக வெட்டினேன். நாலை விற்றேன். தெற்கு ஓரத்தில் காற்றோட்டமாக இருந்த முதல் மனையை எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

எல்லைக் கல் நடவில்லை. நட்டால் மறுநாளே பிடுங்கிப் போய்த் துணி துவைப்பார்கள். என் மூளை வேறு மாதிரி. தெற்கே உப்பளத்தில் உப்பைக் குவித்து ஓலை வேய்ந்த ஓர் அம்பாரம், பனைமர உயரத்துக்கு நின்றது. கொழும்புத் தோணி ஒன்று அதைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கரையேறிவிட்டது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

"இதை எவன் பிடுங்குவான்?" என்று நாலு பத்திரத்திலும் அதையே எல்லையாக எழுதச் சொன்னேன். இரண்டாம் மனை, அம்பாரத்திலிருந்து வடக்கே அறுபதடி தள்ளி. மூன்றாவது, நூற்றிருபதடி. இப்படியே போகும். பத்திரம் எழுதுகிறவர் பேனாவை வைத்துவிட்டு என்னைக் கும்பிட்டார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாவது மனையை விற்கத்தான் சிரமப்பட்டேன். பக்கத்திலேயே கருவாட்டுக் களம். சாத்தான்குளத்து வாத்தியார் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"சார், இந்தக் காத்து நெஞ்சுச் சளிக்கு மருந்துலா! டாக்டர்மாரே சாயங்காலம் இங்கன வந்து நின்னு மூச்ச இழுத்துட்டுப் போறாவ!" என்றேன்.

வாங்கிவிட்டார். படித்த மனிதர்.

நாங்கள் இருந்தது மில்லர்புரத்தில் வாடகை வீடு. வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார். போன கிறிஸ்துமஸுக்கு என் மனைவி எஸ்தர் நட்சத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டே வாசலில் நின்றாள். அன்றைக்கே சொல்லிவிட்டாள்:

"வார கிறிஸ்மஸுக்குச் சொந்த வீட்டுல நட்சத்திரம் தொங்கணும். இல்லன்னா நான் நாசரேத்துக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். நீங்க கயித்தக் கட்டிக்கிட்டு இருங்க!"

ஆகவே வாடகைக் காரில் புறப்பட்டோம். எஸ்தர், எங்கள் சபைப் போதகர், மடியில் செங்கல்லோடு நான். போதகருக்குப் பதினொரு மணிக்கு ஒரு கல்யாணம். வழியெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"எங்க நம்ம மனை?" என்றாள் எஸ்தர்.

கையை நீட்டினேன். நீட்டின இடத்தில் இடுப்பளவு சுவர் நின்றது! சுவர்மேல் இரண்டாம் மனை வாங்கின சுடலைமணி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏலே சுடல! என் மனையில என்னல செய்த?"

"இது என் மனைலா, அண்ணாச்சி. அம்பாரத்துலருந்து அறுபதடி. நீங்கதான எழுதிக் குடுத்திய?"

டேப்பை வாங்கி அளந்தேன். அறுபதடி. மறுபடி அளந்தேன். அந்தக் கழுதை அப்போதும் அறுபதடிதான்.

"அப்போ என் மனை எங்கல?"

"அந்தா, அங்கன. என் சுவத்துக்கும் அம்பாரத்துக்கும் நடுவுல."

பார்த்தேன். உப்பளப் பாத்தியில் தண்ணீர் பளபளத்தது. என் முன்வாசல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கொக்கு.

"எடம் எப்படில தண்ணிக்குள்ள போச்சு?"

"எடம் போகல, அண்ணாச்சி. அம்பாரம்தான் போச்சு. பழசை மூணு மாசத்துக்கு முந்தியே லாரியில ஏத்திட்டாவ. இது புதுசு. அறுபதடி தெக்க தள்ளிக் குமிச்சிருக்காவ. ஒங்களுக்குத் தெரியாதா? லாரி கெட்டுறதுக்குக் கயிறு ஒங்க கடையிலதான வாங்குனாவ!"

உண்மை. வியாபாரம் அமோகம் என்று அன்றைக்கு எஸ்தருக்கு மக்ரூன் கூட வாங்கிப் போனேன்.

எஸ்தர் என்னைப் பார்க்கவில்லை. டிரைவரிடம் கேட்டாள்: "தம்பி, இந்தக் காரு நாசரேத்து வரைக்கும் போகுமா?"

நான் சுடலைமணி பக்கம் திரும்பினேன். "ஏலே, சுவத்த இடிச்சிரு!"

"இடிக்கேன். நான் தள்ளிப் போனா அடுத்தவன் இடிக்கணும், அவனுக்கு அடுத்தவன் இடிக்கணும். எல்லாரும் இந்த அம்பாரத்த வச்சுத்தான் அளந்தாவ. வாத்தியாரு வீட்டுக்கு மேல்தளமே போட்டாச்சு. நீங்களே போய் இடிக்கச் சொல்லுங்க."

போதகர் குறுக்கிட்டார். "பத்தே முக்கால் ஆகிவிட்டது. கர்த்தருக்கு எல்லா இடமும் ஒன்றுதான். ஏதாவது ஒரு காலி மனையைக் காட்டும்!"

காலியாக இருந்தது ஒன்றே ஒன்று. நாலு பேரும் ஆளுக்கொரு மனை தெற்கே நகர்ந்துவிட்டதால் வடக்குக் கோடி மிச்சம். கருவாட்டுக் களத்தை ஒட்டினது.

எங்களைக் கண்டதும் வாத்தியார் தன் புது வீட்டு வாசலில் வந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"வாங்க, வாங்க! நல்ல எடம். நெஞ்சுச் சளிக்கு மருந்துலா! டாக்டர்மாரு எத்தன மணிக்கு வருவாவ?"

எஸ்தர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு செங்கல்லை வைத்தாள். போதகர் மூச்சு விடாமல் ஒரு ஜெபம் செய்தார். என் ஆயுளில் அவ்வளவு சின்ன ஜெபத்தை நான் கேட்டதில்லை.

கிறிஸ்துமஸுக்குச் சொந்த வீட்டில் நட்சத்திரம் தொங்கியது. எஸ்தர் நாசரேத்துக்குப் போகவில்லை. அண்ணன்தான் அங்கிருந்து பெட்டியோடு வந்தார். பெட்டியைத் திறக்காமலே திரும்பினார்.

இன்றைக்கும் வீட்டுக்கு அடையாளம் கேட்பவர்களிடம் கருவாட்டு நாற்றத்தைத்தான் சொல்கிறேன். அதை இதுவரை எவனும் லாரியில் ஏற்றவில்லை.