ஐந்தருவியில் ஒரு ஸ்படிகச் சோதனை

ஒரு பாடத்தைக் கரைத்துக் குடித்தவர்களால் வீட்டுக்கு எந்த ஆபத்தும் கிடையாது. அவர்களிடம் எதைக் கேட்டாலும், "பார்க்கணும், உறுதியாச் சொல்ல முடியாது" என்று இழுப்பார்கள். முதல் வருஷப் பரீட்சை எழுதிவிட்டு விடுமுறைக்கு வந்து நிற்கிறார்களே, அவர்களிடம்தான் சாமான்களை எல்லாம் ஒளித்து வைக்க வேண்டும். நான் அப்படி வந்து நின்றவள். ஜியாலஜி. தென்காசியில் எங்கள் தெருவில் அந்தப் பாடம் படித்த முதல் ஆள் நான்தான் என்பதால், தப்பாகச் சொன்னாலும் மறுக்க ஆள் இல்லை.

அந்த விடுமுறையில் என் கைப்பையில் ஒரு பேனாக்கத்தி, ஒரு பழைய செப்புக் காசு, மெருகு இல்லாத ஓட்டுத் துண்டு ஒன்று, கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி எல்லாம் இருக்கும். நகம் கீறினால் அது மாக்கல் ஜாதி. காசு கீறினால் கொஞ்சம் கெட்டி. கத்தியே வழுக்கிக்கொண்டு போய், கல் திருப்பிக் கண்ணாடியைக் கீறினால் அது குவார்ட்ஸ் அல்லது ஃபெல்ஸ்பார். உடைந்த இடம் படிப்படியாகத் தட்டையாக இருந்தால் ஃபெல்ஸ்பார், உடைந்த பாட்டில் மாதிரி வளைந்து வளைந்து இருந்தால் குவார்ட்ஸ். ஏடு ஏடாக உரிந்து வந்தால் காக்காப்பொன். உலகத்தில் உள்ள பாறைகளில் முக்கால்வாசியை இவ்வளவில் முடித்துவிடலாம் என்று நம்பினேன். அம்மியையும் விடவில்லை. அம்மா அதில் தேங்காய் அரைத்துக்கொண்டிருக்கும்போதே, "இதுல கறுப்பா மின்னுதே, அது என்னன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டு, மிளகாய்க் கையாலேயே ஓர் அடி வாங்கினேன்.

கல்லை நனைத்துப் பார்த்தால் நிறமும் பளபளப்பும் நன்றாகத் தெரியும். தண்ணீர் கையில் இல்லாதபோது நக்கிப் பார்ப்பது எங்கள் துறையில் சகஜம். வாசலில் கொட்டிக் கிடந்த ஜல்லியில் நான் ஒவ்வொன்றாக எடுத்து நக்கிக்கொண்டிருந்ததை எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, அம்மாவிடம் வந்து ரகசியமாகச் சொன்னார்: "மதினி, பிள்ளைக்கு ரத்தம் கம்மியா இருக்கும். அதான் கல்லு திங்கா. டாக்டர்ட்ட காட்டுங்க." (காட்டினார்கள். ரத்தம் நன்றாகத்தான் இருந்தது. மற்றதற்கு அவரிடம் மருந்து இல்லை.)

இந்த லட்சணத்தில்தான் என் அக்கா கோமதிக்கு ஆலங்குளத்திலிருந்து ஒரு வரன் வந்தது. அதற்கு முன் மூன்று வரன்கள் ஜாதகத்திலேயே நின்றுபோயிருந்தன. இது பொருந்தியது. அதைவிட முக்கியம், அக்காவுக்கு மாப்பிள்ளையின் போட்டோ பிடித்திருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் போட்டோவை வைத்திருந்த கவரை வீட்டில் யார் எங்கே வைத்தாலும் சாயங்காலத்துக்குள் அது அக்காவின் அலமாரிக்கு வந்து சேர்ந்துவிடும். இதுவும் தட்டிப்போனால் அவள் தாங்கமாட்டாள் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எனக்கும் தெரியும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க நேராக வீட்டுக்கு வந்து, பிடிக்காமல் போனால் இரண்டு பக்கமும் சங்கடம். சீசன் சமயமாக இருந்தால், "சும்மா குளிக்க வந்தோம்" என்று குற்றாலத்துக்கு வருவார்கள். நாங்களும் "சும்மா குளிக்க" போவோம். தற்செயலாகச் சந்திப்போம். தற்செயலுக்கு நேரமும் இடமும் போனில் பேசி முடிவாகியிருக்கும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஐந்தருவி வண்டி நிறுத்தத்தில் தற்செயலாக இரண்டு குடும்பமும் சந்தித்துக்கொண்டன. சாரல் பொசபொசவென்று விழுந்து நின்றிருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா ஓய்வு பெற்ற போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். மீசை மட்டும் இன்னும் வேலையில்தான் இருந்தது. மாப்பிள்ளை வாய் திறந்து பேசாத ரகம். பேசாததற்குச் சேர்த்து வைத்து, வாங்கிப் பதினைந்து நாளே ஆன தன் வெள்ளைக் காரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். முன்கண்ணாடியில் குங்குமப் பொட்டு அழியாமல் இருந்தது. அப்பா, அம்மா, அக்கா, நான் எல்லாரும் மரியாதையாகச் சிரித்தோம். பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும் என்ற நிபந்தனையில்தான் என்னைக் கூட்டி வந்திருந்தார்கள்.

ஆண்கள் முதலில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருவது, பெண்கள் பிறகு போவது என்று ஏற்பாடு. சப்-இன்ஸ்பெக்டர் மாமா சட்டையைக் கழற்றினார். கழுத்தில் ஒரு ஸ்படிக மாலை. அதையும் கழற்றி, பக்கத்தில் நின்ற என் கையில் கொடுத்தார்.

"எம்மா, எண்ணெய் படக்கூடாது. பத்திரமா வெச்சிக்கோ. ஒரிஜினல் ஸ்படிகமாக்கும்."

மற்றவர்கள் என்றால் மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். என் காதில் 'ஒரிஜினல்' என்ற சொல் மட்டும் விழுந்தது. ஸ்படிகம் என்றால் குவார்ட்ஸ். குவார்ட்ஸ் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். இது வெதுவெதுப்பாக இருந்தது. (ஒரு மனிதர் நெஞ்சிலிருந்து அப்போதுதான் கழற்றிக் கொடுத்தது வெதுவெதுப்பாகத்தான் இருக்கும் என்பது, பரீட்சையில் எழுபத்தெட்டு வாங்கிய மூளைக்கு எட்டவில்லை.) ஆண்கள் போனதும் தீர்ப்பை வாசித்தேன்.

"இது ஸ்படிகம் இல்லத்தே. கண்ணாடி."

மாப்பிள்ளையின் அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

"அப்படிச் சொல்லுட்டி என் ராசாத்தி! பத்து வருசமா நானும் இதத்தான் சொல்லுதேன். இங்கன சீசன் பந்தோபஸ்துக்கு வந்தப்ப எவனோ ஒருத்தன்ட்ட வாங்கினாரு. ஊரையெல்லாம் பிடிச்ச போலீஸ்காரர ஒரு மாலை விக்கவன் பிடிச்சிட்டான்னு சொன்னா, நாலு நாளைக்குச் சோறு திங்கமாட்டாரு."

"நிரூபிச்சுக் காட்டட்டுமா?" என்றேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். எங்கள் குடும்பத்தில் அதற்கு 'வாயை மூடு' என்று அர்த்தம். நான் அறிவியல் பக்கம் நின்றேன். குவார்ட்ஸ் கண்ணாடியைக் கீறும், கண்ணாடி கண்ணாடியைக் கீறாது, ஒரு கண்ணாடி மட்டும் கிடைத்தால் போதும் என்று விளக்கினேன். எல்லாரிடமும் இருந்தது பிளாஸ்டிக் பாட்டில். அக்காவிடம் போன் கேட்டேன்.

"தொட்ட, கையை ஒடிச்சிருவேன்" என்றாள் அக்கா, மாமியார் ஆகப்போகிறவருக்குக் கேட்காத குரலில்.

அப்போதுதான் என் கண் அந்த வெள்ளைக் காரின் முன்கண்ணாடியில் போய் நின்றது. நான் சொன்ன விதிப்படி அதற்கு ஒன்றும் ஆகாது. மாலை கண்ணாடி, ஆகவே கீறாது. கீறாமல் இருப்பதைக் காட்டுவதுதானே சோதனையே! இப்போது நினைத்தால் அந்தத் தைரியத்தின் மேல் எனக்கே பொறாமையாக இருக்கிறது. மாலையில் ஓரம் சில்லுப் பெயர்ந்த மணி ஒன்று இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்து, கண்ணாடியில் மெதுவாக இழுத்தேன். ஒன்றும் விழவில்லை.

"பாத்தீங்களா?" என்றேன்.

"நல்லா அழுத்திப் பாருட்டி. நாளைக்கு அவரு பேச்சு மாறக்கூடாதுல்லா" என்றார் அத்தை.

அழுத்தி இழுத்தேன். 'கிரீச்' என்று ஒரு சத்தம். வைப்பர் பக்கத்தில் ஆரம்பித்து குங்குமப் பொட்டு வரைக்கும், ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேராக, ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைக் கோடு.

நான் கலங்கவில்லை. சில சமயம் கல்தான் தேய்ந்து அதன் பொடி கோடு மாதிரி படியும். துடைத்துப் பார்த்தால் பொடி போய்விடும், கீறல் போகாது. இதுவும் பாடத்தில் உண்டு. துப்பட்டாவால் துடைத்தேன். எச்சில் தொட்டுத் துடைத்தேன். குங்குமப் பொட்டுதான் போனது.

அத்தை இரண்டடி தள்ளி நின்று, ஐந்தருவியில் ஐந்து கிளையும் சரியாக விழுகிறதா என்று எண்ணிப் பார்க்க ஆரம்பித்தார். அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "எனக்குன்னு ஒண்ணு வந்துச்சு, அதையும் கெடுத்திட்டியேட்டி" என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. அதுவரை எனக்கு எல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது. அந்த வார்த்தையைக் கேட்டதும், அருவியில் இறங்கிப் போய் அப்படியே அடித்துக்கொண்டு போய்விட்டால் நல்லது என்று நிஜமாகவே தோன்றியது.

ஆண்கள் ஈரத்தலையோடு திரும்பி வந்தார்கள். மாப்பிள்ளை பத்தடி தூரத்திலேயே பார்த்துவிட்டார். கையில் இருந்த துண்டு கீழே விழுந்தது. அப்பா என்னைப் பார்த்தார். வேறு யாரையும் பார்க்கவே இல்லை.

"யாரு செஞ்சது?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் மாமா.

"நான்தான் மாமா. உங்க மாலைய வெச்சு. கண்ணாடின்னு நெனச்சு…"

அவர் மாலையை வாங்கினார். குனிந்து கோட்டைப் பார்த்தார். விரலால் தடவினார். பிறகு விசாரணை ஆரம்பமானது.

"எந்த மணி?"

காட்டினேன்.

"எத்தனை தடவை இழுத்த?"

"ரெண்டு மாமா."

"கண்ணாடின்னா கீறாதா?"

"கீறாது மாமா. ஸ்படிகம்னாத்தான் கீறும்."

"புஸ்தகத்துல இருக்கா?"

"இருக்கு மாமா."

மாமா நிமிர்ந்தார். மீசையில் இருந்து எண்ணெய் சொட்டியது. மனைவி பக்கம் திரும்பி, வண்டி நிறுத்தம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "பாத்தியாட்டி? பாத்தியா? காலேஜ்ல படிக்க பிள்ள சொல்லுதா! பத்து வருசமா கண்ணாடி கண்ணாடின்னு என் மானத்த வாங்குனியே, இப்ப என்ன சொல்லுத?"

அத்தை மறுபடியும் அருவிப் பக்கம் திரும்பிக்கொண்டார். 'நல்லா அழுத்து' என்றது யார் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த ஆரவாரத்தில் மாப்பிள்ளையை யாரும் கவனிக்கவில்லை. அக்காதான் துண்டை எடுத்து, உதறி, அவரிடம் நீட்டினாள். "முதல்ல என் போனத்தான் கேட்டா. நான் குடுக்கல. குடுத்திருக்கணும்" என்றாள். அதுதான் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. அவர் கோட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "பரவால்ல. வண்டி ஓடும்லா" என்றார். அதுதான் அவர் அன்று பேசிய முதல் வார்த்தை. மத்தியானம் எல்லாரும் புளியறைப் பக்கம் பரோட்டா சாப்பிட உட்கார்ந்தபோது, இரண்டு பேரும் ஒரே மேஜையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த மாதம் நிச்சயதார்த்தம்.

அந்தக் கண்ணாடியை மாற்ற மாமா சம்மதிக்கவே இல்லை. "தடயத்த அழிக்கப்படாது" என்றுவிட்டார். வண்டியை விற்கிறவரைக்கும் அத்தான் அந்தக் கோட்டுக்கு மேலேயும் கீழேயும் எட்டிப் பார்த்துத்தான் ஓட்டினார். வீட்டுக்கு யார் வந்தாலும் மாமா அவர்களைக் காருக்குக் கூட்டிப்போய்க் கோட்டைக் காட்டி, மாலையைக் காட்டி, நான் அங்கே இருந்தால் என்னையும் கூப்பிட்டுக் காட்டுவார்.

இங்கே முடிந்திருந்தால் நல்ல கதை. நான் மேலே படித்துத் தொலைத்தேன்.

முதுகலையில் எங்கள் பேராசிரியர் ஒரு நாள் போகிற போக்கில் சொன்னார்: சம கடினத்தன்மை உள்ள பொருள், முனை கூர்மையாக இருந்து அழுத்தி இழுத்தால், தன் ஜாதியைத் தானே கீறும். சில்லுப் பெயர்ந்த கண்ணாடியும் கண்ணாடியைக் கீறும். எனக்கு வகுப்பிலேயே வியர்த்தது. அதே வருஷம் மாலையின் நூல் அறுந்து, கோத்து வாங்கி வரச் சொல்லி மாமா என்னை நம்பிக் கொடுத்துவிட்டார். நூற்றெட்டு மணியையும் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். இரண்டு போலராய்டு தகடுகளைக் குறுக்காக வைத்து நடுவில் ஸ்படிகத்தை வைத்துத் திருப்பினால், அது மாறி மாறி ஒளிரும். கண்ணாடி எப்படித் திருப்பினாலும் இருட்டாகவே கிடக்கும்.

நூற்றெட்டும் இருட்டாகக் கிடந்தன.

அதாவது, அன்றைக்கு நான் சொன்ன காரணம் தப்பு. செய்த சோதனை தப்பு. விடை மட்டும் சரி. இதை அத்தை ஒருவரிடம் மட்டும், அடுப்படியில் வைத்துச் சொன்னேன். பத்து வருஷ வழக்கில் ஜெயித்துவிட்டார் என்று துள்ளுவார் என எதிர்பார்த்தேன். அவர் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னார்: "மனுசன் இப்பத்தான் என்கிட்ட சிரிச்சுப் பேசுதாரு. விட்டுரு. எவன்ட்டயும் மூச்சு விடாத."

அதனால் விட்டுவிட்டேன். இன்றைக்கு நான் கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கனிமங்களை அடையாளம் காணச் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு எங்கள் குடும்பத்தில் ஒரு மதிப்பும் கிடையாது. விசேஷ வீட்டுப் பந்தியில் நான் உட்கார்ந்தால் போதும், மாமா நெஞ்சில் மாலையைத் தட்டிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். "நல்ல ஸ்படிகத்தக் கண்ணாடின்னு சொன்னவ இவதான். இவட்டயும் நாலு பிள்ளைக படிக்கி!" பந்தி முழுக்கச் சிரிப்பு. அத்தான் எழுந்து போய்த் தன் இப்போதைய காரை எட்டிப் பார்த்துவிட்டு வருவார், அதற்கு இன்னொரு சிரிப்பு. அக்கா பிள்ளைகள்கூட, "சித்தி, தப்பாச் சொன்ன கதையச் சொல்லுங்க" என்கிறார்கள். நான் சொன்னது சரி என்று எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருக்கும். வாயை மூடிக்கொண்டு நானும் சிரிப்பேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பது அத்தைதான். சிரித்துக்கொண்டே வந்து, யாரும் பார்க்காதபோது என் இலையில் மட்டும் இன்னொரு வடையை வைத்துவிட்டுப் போவார்.