வறட்சியை எறும்பு மொய்த்த விவரம்

குலசேகரம்,
கொல்லம் ஆண்டு 1109 பங்குனி 9, வெள்ளி.

கனம் பொருந்திய ஞானையன் சித்தப்பா அவர்களுக்கு, அண்ணன் மகன் ஜான்ரோஸ் தாழ்மையாய் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம். அப்பாவின் பெயர்தான் சுகமில்லை.

போன சனிக்கிழமை ஊர்க்குளத்தில் வலை போட்டபோது ஒரு விரால்கூட ஏறவில்லை என்பது தாங்கள் அறிந்ததே. "காவல்காரன் வயித்துல போய்ப் பாருங்க, கெடக்கும்" என்று நேசமணி எல்லார் முன்னாலும் சொன்னார். திங்கட்கிழமை ஊர்க்கூட்டத்தில் அப்பாவின் குளத்துக் காவல் வேலையைப் பறிக்கப் போகிறார்களாம். கூட்டத்துக்குத் தலைவர் தாங்கள். ஆகையால் இக்கடிதத்தை அங்கே உரக்க வாசிக்கவேண்டும்.

செவ்வாய்க்கிழமை வெள்ளென எழும்பி நாகர்கோவில் வாசகசாலைக்குப் போனேன். ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் பார்த்தேன், சுவீடன் தேசத்தில் ஏரியின் அடிச்சேற்றைக் குழாயால் எடுத்து, அடுக்கை எண்ணி, எந்த வருஷம் மழை, எந்த வருஷம் வறட்சி என்று சொல்லிவிடுகிறார்களாம் சித்தப்பா! மழை தெரிந்தால் மீன் தெரியாதா? மீன் செத்தாலும் செதில் சேற்றில் கிடக்குமே! இது பத்திரிகையில் இல்லை, என் சொந்த யோசனை. ஓடிவந்தால் வீட்டில் குழாய் இல்லை, அம்மா கீரிப்பாறைச் சித்தியின் பிரசவத்துக்கு அவசரமாய்ப் போயாச்சு, அடுப்படியில் புட்டுக்குழல் கிடந்தது, மறுநாள் அதைத் தூக்கிட்டு இடுப்பளவு தண்ணியில் இறங்கிக் குத்தினேன், போன குழல் வரமாட்டேன்னுது, நான் குழலைப் பிடிச்சு இழுக்க, தங்கச்சி ராகேல் என்னைப் பிடிச்சு இழுக்க, எல்லாமாச் சேந்து கரையில விழுந்தோம். வாழையிலையில வெச்சுக் கம்பால தள்ளினா, அப்பிடியே புட்டு! கீழே முழுக்கக் கறுத்த சேறு, நிறையச் செதில். உச்சியில, அதாவது கடைசி வருஷத்துல, ஒரு விரல் கனத்துக்கு வெள்ளை அடுக்கு. அதுல ஒரு செதில் இல்ல. போன வருஷம் மழை பொய்ச்சுதுல்லா? வெள்ளைன்னா வறட்சி. மீனைத் தின்னது வறட்சிதான், அப்பா இல்ல.

மறுநாள் பார்த்தால் வெள்ளை அடுக்கில் மட்டும் எறும்பு.

"அண்ணே, வறட்சிய எறும்பு திங்குமா?" என்றாள் ராகேல்.

"சுவீடன்ல குளிரு ஏட்டி, எறும்பு கெடையாது. அதான் அவனுவ எழுதல்ல" என்று விளக்கினேன்.

குளோரி சித்திக்கு எங்கள் ஸ்தோத்திரம். கர்த்தர் மழையாலும் மீனாலும் தங்கள் வீட்டை நிறைப்பாராக.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மகன்,
ஜான்ரோஸ்

பி.கு.: சனி. அம்மா வந்துவிட்டாள். குழலை மோந்து பார்த்து, "செவ்வாக்கெழம புட்டு அவிச்சிட்டு, கழுவாமப் போட்டுட்டு ஓடினேன் மக்கா, தேங்காப்பூ உள்ளயே ஒட்டிக் கெடந்திருக்கு" என்றாள். ஆகவே அந்த வெள்ளை அடுக்கு வறட்சி அல்ல, செவ்வாய்க்கிழமை. அதை நீக்கினால் உச்சிவரை செதில். மழை பொய்த்த பிறகும் குளத்தில் மீன் இருந்திருக்கிறது.

"அன்னைக்குப் புட்டுக்கு என்ன கறி?" என்று கேட்டேன்.

"விரால்" என்றாள் அம்மா.

"ஏலே, அந்தக் குழலக் கழுவிக் குடு மொதல்ல" என்றார் அப்பா.

வேறு கடிதம் எழுதத் தாள் இல்லை. இதைக் கூட்டத்தில் வாசிக்கவேண்டாம்.