செட்பேக் சாரும் ஸ்டெல்லாவின் கண்ணாடி அறையும்

உலகத்தில் யாரை வேண்டுமானாலும் மன்னிக்கலாம், செட்பேக் சாரை மட்டும் மன்னிக்கவே கூடாது என்று அடையாறில் எங்கள் தெரு ஏகமனதாக முடிவு செய்திருந்தது. சுவருக்குச் சுவர் சண்டை போடுகிற தெரு அது. அவர் விஷயத்தில் மட்டும் அப்படி ஓர் ஒற்றுமை.

வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் சட்டப்படி காலியாக விடவேண்டிய இடத்துக்கு செட்பேக் என்று பெயர். மனிதர் அதற்காகவே பிறந்தவர். சட்டைப் பையில் எப்போதும் அளவு டேப். அவருடைய நிஜப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

ஒரு கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் குடில் வைத்தோம். வந்துவிட்டார், டேப்போடு.

"குழந்தை ஏசு பிறக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. மாட்டுக் கொட்டகைக் கூரையை மட்டும் சுவர்லேருந்து தள்ளி வைங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மனிதர் தன்னையும் விட்டுவைத்ததில்லை. அவர் ஊரில் இல்லாத சமயம் மருமகன் பாசத்தோடு ஸ்கூட்டருக்கு ஒரு தகரக் கூரை போட்டுக் கொடுத்தான். திரும்பி வந்தவர் பெட்டியைக்கூட உள்ளே வைக்கவில்லை, சுத்தியலை எடுத்தார். அந்த மழைக்காலம் முழுக்க ஈர சீட்டில் உட்கார்ந்து, நனைந்த வேட்டியோடு எங்களையெல்லாம் முறைத்துக்கொண்டே போனார்.

இப்படிப்பட்டவர் பக்கத்து வீட்டில் இருக்கும்போதுதான் எனக்கு அந்த ஆசை வந்தது. என் மனைவி ஸ்டெல்லா, ஓய்வு பெற்ற டீச்சர். முட்டியில் ஆபரேஷன். மொட்டை மாடியில் அவள் வளர்த்த பெரணியும் ஆர்க்கிட்டும் ஏறிப் பார்க்க ஆளில்லாமல் கருகிக்கொண்டிருந்தன. வீட்டுப் பக்கவாட்டிலேயே ஒரு கண்ணாடி அறை கட்டி, ஜன்னலும் நிழல் வலையும் வைத்துச் செடிகளைக் கீழே கொண்டுவரலாம் என்று நினைத்தேன்.

ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து வந்த கண்ணாடி வேலைக்காரர் பாபு தைரியம் சொன்னார். "இதுக்கு இன்னாத்துக்கு சார் பர்மிசன்? கண்ணாடி சார் இது. அந்தாண்ட கீறது இந்தாண்ட தெரியும். இதைப் போயி கட்டடம்னு எவன் சொல்வான்?"

சுவருக்கு மேலே ஒரு தலை எழும்பியது. "நான் சொல்வேன்! கூரை போட்டு மூடினா கண்ணாடியானாலும் கட்டடம்தான். அதுவும் செட்பேக்குல!"

"என் வீடு சார் இது!" என்று கத்தினேன்.

"இடம்தான்யா உன்னுது. சட்டம் உங்க அப்பன் வீட்டுதா?"

அன்றே புகார் கொடுத்துவிட்டார். நோட்டீஸ் வந்தது. பாதி நிறுத்திய கண்ணாடிச் சட்டங்களை பாபு முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். ஸ்டெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில் அந்த மனிதரைச் சுவரோடு சேர்த்து இடித்திருப்பேன்.

அடுத்த வாரம் அவரே கேட்டைத் தட்டினார். கையில் வரைபடம். "பின்பக்கம் விதிக்கு மேலயே இடம் விட்டிருக்கே. அங்க கட்டலாம். பர்மிஷனோட."

நான் கேட்டை அறைந்து சாத்தினேன். ஸ்டெல்லா கைத்தடியை ஊன்றி வந்து திறந்தாள்.

அனுமதி அலுவலகத்துக்கு அவரும் கூடவே வந்தார். அங்கே ஓர் அதிகாரி எங்கள் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செடிக்கு ரூமா? அப்ப நர்சரி. நர்சரின்னா வியாபாரம். இதை வீட்டுக் கணக்குல குடுக்க முடியாது."

நான் வாயைத் திறப்பதற்குள் செட்பேக் சார் மேஜையை ஓங்கித் தட்டினார்.

"யோவ்! அந்தம்மாவுக்கு முட்டி மடங்கல, மாடி ஏற முடியாது. அந்தச் செடிக்கு வெயில் ஆகாது. ரெண்டு பேரும் ஒரு இடத்துல உக்காரணும், அவ்வளவுதான். இதுல எந்த வார்த்தைய்யா உனக்குப் புரியல?"

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லாவின் முட்டியைப் பற்றி நான் அவரிடம் சொன்னதே இல்லை.

அனுமதி வந்தது, அறையும் எழுந்தது. பால் காய்ச்சிய அன்று அவர் வந்து டேப்பை நீட்டினார். முகம் சிவந்துவிட்டது. "இன்னும் ஒரு ஜாண் கட்டியிருக்கலாம்! பர்மிஷன் இருந்தும் விட்டுட்டியே, மடையா! அந்தம்மா காலை நீட்டி உக்கார வேணாமா?" காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இப்போது அவர் கோயம்புத்தூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். எங்கள் தெருவில் அவனவன் இஷ்டத்துக்குக் கூரையை நீட்டுகிறான், கேட்க நாதியில்லை. எனக்கு வயிறு எரிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் போட்டேன்.

"யாரு, என்ன கட்டறா?" என்றார் எடுத்த எடுப்பிலேயே.

"ஒண்ணுமில்ல சார். உங்ககிட்ட திட்டு வாங்கி ரொம்ப நாளாச்சு, அதான்."

"வேலையத்தவனே!" என்று ஆரம்பித்தார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு கண்ணாடி அறையின் ஜன்னல் மேடையில் வைத்தேன். பூவாளியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டெல்லாவும் வந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.