மேல் வீட்டுப் பாதாம் பால்

குடிகாரர்கள் மேல் எனக்கு ஒரு பொறாமை உண்டு. தாங்கள் நிதானமாக இருப்பதாக அவர்கள் மனதார நம்புகிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் போதையில் இருந்தேன். அந்த மதியம் முழுக்க என்னை நானே உளவு பார்த்ததிலேயே போய்விட்டது.

கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆவடியில், மாமனாருக்குக் கொடுத்திருந்த ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் குடித்தனம். ஹோலியன்று, என் கணவர் வேலைக்குப் போன பிறகு, மேல் வீட்டு வடநாட்டு அக்கா ஒரு சொம்பு நிறையப் பாதாம் பால் கொடுத்துவிட்டுப் போனார். அத்தை, அதாவது என் மாமியார், அதை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு உத்தரவு போட்டார்.

"தோ பாரும்மா, அதுல இன்னாத்தயோ அரைச்சிக் கலக்குறாங்கோ. நம்மூட்டு பொம்பளைங்க தொடக்கூடாது. சாயங்காலமா கீழ ஊத்திடலாம்."

குங்குமப்பூ மிதக்கும் பாலைக் கீழே ஊற்றுவதா? (நான் பூந்தமல்லிக்காரி. ஓசியில் வந்ததை வீணாக்கிய சரித்திரமே எங்கள் பரம்பரையில் கிடையாது.) அத்தை துணி காயப்போட மாடிக்குப் போனதும் ஒரு டம்ளர் குடித்தேன். திருட்டு தெரியாமலிருக்க, காலையில் காய்ச்சிய பாலைச் சொம்பில் ஊற்றிச் சரிக்கட்டினேன்.

ரொம்ப நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு பீன்ஸ் நறுக்கும்போது, பிறந்ததிலிருந்தே இதைத்தான் நறுக்கிக்கொண்டிருக்கிறேனோ என்று ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்ததைக் கவனித்தேன். கவனிப்பதையும் கவனித்தேன். மண்டைக்குள் ஒருத்தி கிறுக்குத்தனம் செய்ய, இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் வர்ணனை கொடுத்தாள். 'இயல்பா இரு' என்றாள். இயல்பாக நடக்கும்போது கைகளை எங்கே வைத்துக்கொள்வேன் என்பது சுத்தமாக மறந்திருந்தது. இடுப்பில் வைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன்.

சோபாவில் அத்தை. டிவி ஓடவில்லை. ரிமோட்டை மார்போடு அணைத்தபடி என்னையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்கு என்ன அப்டிப் பாத்துக்கினு கீற?"

"நான் பாக்கலியே அத்தே. நீங்கதான்..."

"நான் இன்னா பண்ணேன்? நான் ஒண்ணும் பண்ணல!"

தெரிந்துவிட்டது! சாயங்காலத்துக்குள் அப்பா அம்மாவை வரவழைத்து, என்னை அவர்களோடு அனுப்பிவிடுவார்கள். குவார்ட்டர்ஸ் முழுக்கக் 'குடிகார மருமகள்' என்று பெயராகிவிடும். குக்கர் விசில் அடித்தது. அது மாமனாருக்குத்தான் தகவல் சொல்கிறது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. அவர்கள் அனுப்புவதற்குள் நாமே மரியாதையாகப் போய்விடுவோம் என்று அழுதுகொண்டே பையைக் கட்டினேன்.

பையோடு நான் வந்ததும் அத்தையின் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, போறாளே!" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, ஷிப்ட் முடிந்து மாமனார் உள்ளே வந்தார். பாவம், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சாப்பாடு ஆயிடுச்சா?"

"நான் எதையும் குடிக்கல!" என்று கத்தினோம், அத்தையும் நானும், ஒரே நேரத்தில்.

அத்தை மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நீயுமா?"

"நீங்களுமா அத்தே?"

"ஒரே டம்ளர்தாம்மா. தண்ணிய ஊத்தி ரொப்பி வச்சிட்டேன். நீ கண்டுபுடிச்சிட்டு, இந்த மாதிரி மாமியாரோட இருக்கமாட்டேன்னு கெளம்பிட்டியோன்னு எனக்கு உசுரே போச்சு."

முதலில் சிரித்தது யார் என்று ஞாபகமில்லை. தரையில் உட்கார்ந்து, வயிறு வலிக்க, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தோம். மாமனார் ஒன்றும் புரியாமல் என் பையைத் திறந்தார். உள்ளே ஒரு இட்லித் தட்டு, பாதி நறுக்கிய பீன்ஸ், அவருடைய கைலி. கைலியை மட்டும் எடுத்துக்கொண்டார். மிச்சமிருந்த பாலைச் சொம்போடு குடித்துவிட்டு, "சப்புனு கீது" என்று உதட்டைப் பிதுக்கினார். அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை.

அன்றோடு எனக்கு அத்தையிடம் இருந்த பயம் போய்விட்டது. மாமனார் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். ஆனாலும் காய்கறி வாங்கிக்கொண்டு வரும்போதெல்லாம் வாசலிலேயே நின்று கேட்பார்:

"எதையும் குடிக்காதவங்கல்லாம் ஊட்லதான் கீறீங்களா?"

நானும் அத்தையும் சமையலறையிலிருந்து கையைத் தூக்குவோம்.