பத்து வாட் மாப்பிள்ளை

எனக்கு ஒரு வியாதி உண்டு. திருகுகிற குமிழ் எதைப் பார்த்தாலும் கடைசி வரை திருகிவிட வேண்டும். மின்விசிறியோடு நிறுத்தியிருக்கலாம். என் கல்யாணப் பேச்சிலும் அதைத்தான் செய்தேன்.

மாலதியும் நானும் மைசூரில் ஹாம் ரேடியோ கிளப்பில் பழகியவர்கள். (சொந்த வயர்லெஸ் வைத்துக்கொண்டு முகம் தெரியாதவர்களோடு பேசுகிற, லைசென்ஸ் வாங்கிய பைத்தியங்கள்.) ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த அவள் அப்பாவும் அதே ரகம். விஷயம் தெரிந்ததும், "ஞாயித்துக்கிழமை காலைல பையனை ஏ.எம்.ல பேசச் சொல்லு. கேட்டுட்டுச் சொல்றேன்" என்றுவிட்டார். (ஏ.எம். என்பது பழைய ரேடியோ ஒலிபரப்பு முறை. நேரில் பார்ப்பதெல்லாம் அவருக்கு அப்புறம்தான்.)

ஞாயிற்றுக்கிழமை, மைசூர் அக்ரஹாரத்தில் அவள் சித்தி வீட்டு மாடி. மாலதியே கட்டிய நாற்பது வாட் செட். பவர் குமிழைத் திருகி மீட்டர் முள்ளைப் பத்தில் நிறுத்தினாள்.

"நாப்பது வாட் செட்டுக்குப் பத்துதானா?"

"ஏ.எம்.ல பவரை வாயை மூடிக்கிட்டுதான் அளக்கணும். பேசினா உச்சத்துல நாலு மடங்காகும். அதுக்கு இடம் விடணுமில்ல? பத்துக்கு மேல பேடா, வேண்டவே வேண்டாம், ஆய்த்தா?"

சித்தி கூப்பிட்டார். கீழே போனாள்.

வருங்கால மாமனார் முன்னால் கால்வாசி மாப்பிள்ளையாகவா போய் நிற்பது? நாற்பதுக்குத் திருகினேன்.

பேச ஆரம்பித்ததும் முள் இறங்கியது. என் குரலில்தான் பலம் போதவில்லை என்று முடிவு கட்டிக் கத்தினேன். (நான் இன்ஜினியரிங் படித்தவன்.) இன்னும் இறங்கியது. "உங்க பொண்ணைக் கண் கலங்காம வெச்சுக்குவேன்!" என்று தொண்டை கிழிய நான் அலறியதில், கீழே மளிகைக் கடைக்காரர் என்ன ஆச்சோ என்று பதறித் தெருவுக்கு வந்து, "ஏனாய்து ஸார்?" என்றார்.

மாலதி ஓடி வந்தாள். மீட்டரைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. எல்லாம் முடிந்தது என்று மைக்கைக் கீழே வைத்தேன்.

ஸ்பீக்கரில் அவள் அப்பா வந்தார். "மாலதி, பையன் பேசாதப்ப ஜோரா வர்றான்மா. வாயைத் திறந்தாதான் ஒண்ணும் புரியல."

அவள் குமிழைப் பத்துக்குக் கொண்டுவந்து, "குரலுக்கு இடமே விடாம நிரப்பிட்டீங்க. இப்ப பேசுங்க" என்றாள். பேசத் தொண்டை மிச்சம் இருந்தால்தானே? "நமஸ்காரங்க" என்று மட்டும் கரகரத்தேன்.

"ஆங், இப்ப தெளிவா இருக்கு. இவ்வளவு பேசினா போதும். அடுத்த வாரம் பெரியவங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லும்மா."

கல்யாணம் நடந்தது. இன்றும் வீட்டில் நான் குரலை உயர்த்தினால் மாலதி எதிர்த்துப் பேசுவதில்லை. காற்றில் ஒரு குமிழைப் பிடித்து இடப்பக்கம் திருகுகிறாள். போன மாதம் அவள் ஊரில் இல்லாதபோது, எங்கள் நாலு வயது மகள் திருகினாள்.